லெட்சுமியக்காவின் விரலும் ஒரு மலை வெடிப்பும்

என் வலது முழங்கால் சேற்றில் புதைந்திருந்தது. இடது காலை மடித்து, அதன் முட்டியில் இடது முழங்கையை ஊன்றி, கேமராவைக் கண்ணோடு ஒட்டி வைத்திருந்தேன். எதிரே ஒரு கை. தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன கை. அதன் சுண்டுவிரல் மண்ணில் இருந்த ஒரு வெடிப்புக்குள் முதல் கணுவரை நுழைந்திருந்தது.

"சீக்கிரம் புடி தம்பி. குளிரு வெரலக் கடிக்குது," என்றார் லெட்சுமியக்கா.

"பேசாதீங்கக்கா. நீங்க பேசுனா கை ஆடுது."

எங்களுக்குப் பின்னால் அந்த லயத்தின், ஒரே தகரக் கூரைக்கடியில் வரிசையாக இருந்த வீடுகளின், ஆறு குடும்பங்களும் நின்றன. தூறலுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் தாள் தலையில். வெடிப்பு அவர்கள் வீடுகளுக்குப் பின்னால் இருந்த சரிவில்தான் ஓடியது. ஆனால் ஒருவர்கூட வெடிப்பைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் படத்தக் கொண்டுபோய் எங்க குடுக்கப் போறானாம்?" என்று ஒரு குரல் கேட்டது.

"ஆபீஸ்லதான். வேற எங்க லா," என்றது இன்னொரு குரல்.

மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். பொத்தானை அழுத்தினேன். படம் துல்லியமாக வந்தது. அது மட்டும் ஆடியிருந்தால் என் வாழ்க்கை கொஞ்சம் வேறு மாதிரி போயிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஈப்போ வாசகரின் கடிதம்

இந்தக் கதையை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஈப்போவிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டுக் கிளப்பிவிட்டார். "நீங்கள் ஸ்டாண்டு இல்லாமலே அந்தக் காலத்தில் படம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். படம் ஆடாமல் எப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறாரா, இல்லை நான் புளுகுகிறேன் என்று சொல்லாமல் சொல்கிறாரா? என் புத்தி அப்படி. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்களிடம் யாராவது சும்மா நலம் விசாரித்தால்கூட, எதற்குக் கேட்கிறார் என்றுதான் முதலில் யோசிப்போம்.

போகட்டும், சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலையில் மெக்கானிக். கொழுந்து வாட்டும் மாடியில் ஓடும் பெரிய காற்றாடிகளுக்கு எண்ணெய் போடுவதும் பெல்ட் மாற்றுவதும் என் வேலை. பழைய கேமரா ஒன்று கைக்கு வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று படம் பிடிக்கக் கூப்பிட்டார்கள்.

முதல் இரண்டு பிலிம் ரோல் முழுக்க ஆடிப்போய் வந்தது. மாப்பிள்ளைக்கு இரண்டு மூக்கு, பெண்ணுக்கு நான்கு கண். பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஸ்டூடியோ வைத்திருந்த சீனர் ஆ சோங்தான் கழுவிக் கொடுப்பார். மருந்துத் தண்ணீரில் ஏதோ கோளாறு செய்கிறார், தமிழன் ரோல் என்றால் பழைய மருந்தில் போடுகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம். நேரே போய்க் கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. வெறும் கேமராவை என் கையில் கொடுத்து, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்கச் சொன்னார். பக்கத்தில் நின்று என் முழங்கையையே கவனித்தார்.

"தாங்கான் லு கோயாங் லா, பாலு," என்றார். உன் கைதான் ஆடுகிறது என்று மலாயில் சொன்னார். "ஊபாட் ஓக்கே." மருந்து சரியாகத்தான் இருக்கிறதாம்.

கையை அடக்கிய விதம்

மலையில் காலை ஏழு மணிக்கு விறைப்பில் பத்து விரலும் பத்துப் பக்கம் இழுக்கும். பனிமூட்டத்தில் வெளிச்சம் கம்மி. வெளிச்சம் கம்மி என்றால் கேமராவின் கண் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். அதிக நேரம் திறந்திருந்தால் கை ஆடுவது அப்படியே படத்தில் விழும். ஒரு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு, அதற்கு மேல் திறந்திருந்தால் என் கையை நானே நம்ப மாட்டேன்.

ஒரு மாதம் ரோல் போடாமலே பழகினேன். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு இறுக்கிக்கொள்வது. இடது உள்ளங்கையில் லென்ஸைத் தாங்குவது. கேமரா வாரை முழங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடிப்பது. பொத்தானைக் குத்தாமல், பழுத்த பப்பாளியை அமுக்கிப் பார்ப்பதுபோல மெதுவாக அமுக்குவது. மூச்சை முழுதாக இழுத்து அடக்கினால் நெஞ்சு துடிப்பது கேமராவுக்கு வந்துவிடும். பாதி விட்டு நிறுத்த வேண்டும்.

நிற்பதற்கு மட்டும் எனக்குப் பழக்கம் தேவைப்படவில்லை. சரிவில் கொழுந்து எடுப்பவர்கள் நேராக நிற்க மாட்டார்கள். ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில், இடுப்பு செடியில் சாய்ந்திருக்கும். எனக்கும் அந்தக் கால்தான். சமதரையில் நின்றால்தான் இன்றைக்கும் தடுமாறுவேன்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு, ஒரு ஸ்டாண்டு வாங்க வேண்டியதுதானே என்று ஈப்போக்காரர் கேட்பார். வாங்கவில்லை. இரவல் வாங்கினேன்.

மூன்று கால்

ஆ சோங்கிடமிருந்து மூன்று கால் ஸ்டாண்டை இரவல் வாங்கி, கோயில் திருவிழாவுக்குக் கொண்டுபோனேன். தேர் வரும் பாதைக்கு எதிரே மண்ணில் ஊன்றினேன். பேச்சுச் சத்தம் அப்படியே நின்றது. உறுமி அடித்தவர்கூட என்னைப் பார்த்தார்.

எங்கள் கங்காணி வீரப்பன் வேகமாக வந்து, "இத மொதல்ல மடக்கு," என்றார்.

"கேமராவுக்குங்க. படம் ஆடாம இருக்க."

"எதுக்கோ இருக்கட்டும். மடக்குடா."

பிறகுதான் உறைத்தது. எங்கள் தோட்டத்தில் பாதிக் குடும்பங்கள் கீழ்நாட்டு ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் அங்கிருந்து விரட்டப்பட்டவர்கள். ஒவ்வொரு இடத்திலும் முதலில் வந்தது நிலம் அளக்கிறவன். மூன்று கால் ஒன்றை மண்ணில் ஊன்றி, அதன்மேல் குழாய் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பான். இரண்டு மாதம் கழித்து நோட்டீஸ் வரும். நான் செய்ததும் அச்சாக அதேதான்.

சரி, மூன்று கால்தானே வேண்டாம் என்று வேறு வழி பார்த்தேன். கேமராவின் அடியில் இருக்கும் திருகில் ஒரு சணல் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு, கேமராவை மேலே இழுத்துப் பிடித்தால் கை அசையாது. நல்ல உபாயம். அதைச் செய்த அன்றைக்கு ஒரு பெண்பிள்ளை தன் வீட்டு வாசலில் நின்று கத்தினார்: "இப்ப கயிறு போட்டு அளக்குறான் பாரு."

கயிற்றையும் விட்டேன். மிஞ்சியது கை மட்டும்தான்.

மண் வாயைத் திறந்தது

லெட்சுமியக்கா லயத்தின் கோடி வீட்டுக்காரர். நாற்பது வயது இருக்கும். கொழுந்து எடுப்பதில் கைகாரி. வீட்டுக்காரர் செடிக்கு மருந்து அடிக்கிறவர், வாய் பேசாத மனிதர். ஒரு மழைக்காலத்தில் லெட்சுமியக்கா தொழிற்சாலை வாசலில் எனக்காகக் காத்திருந்தார்.

"தம்பி, எங்க அடுப்படிக்குப் பின்னால மண்ணு வாயத் தொறக்குது. ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணிகிட்டச் சொன்னேன். மழைன்னா மண்ணு வெடிக்கத்தான் செய்யும்னு சொல்லிட்டாரு. நீ ஒரு படம் புடிச்சுக் குடு. துரை கண்ணால பாக்கட்டும்."

"பாத்தா என்ன செய்வாருக்கா?"

"செவுரு கட்டித் தரட்டும். ஒரே ஒரு கல்லுச் செவுரு. பின்னால ரூம்புல மூணு புள்ளைங்க படுக்குதுங்க தம்பி. மழை பேஞ்சா நான் ஒக்காந்தே இருக்கேன்."

மறுக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு போய் எடுத்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தேன். வெடிப்பு நன்றாகவே அகன்றிருந்தது. இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு கங்காணியோடு ஆபீசுக்குப் போனேன்.

துரை வெள்ளைக்காரர் இல்லை. வெள்ளைக்காரர்கள் போய் நம் நாட்டுக்காரர் வந்து உட்கார்ந்த பிறகும் அந்த மேனேஜர் நாற்காலிக்குப் பெயர் துரைதான். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மொதப் படம் எட்ட நின்னு எடுத்திருக்க. ரெண்டாவது கிட்டப் போய் எடுத்திருக்க. கிட்டப் போனா எல்லாம் பெருசாத்தானே தெரியும்? யாரு சொல்லிக் குடுத்தா இத? யூனியனா?"

எனக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொன்னால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கையில் பிடித்து எடுக்கிறவன் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றான் என்பதற்கு என்ன சாட்சி? ஸ்டாண்டு என்றால் அதன் கால் பதிந்த குழியையாவது காட்டலாம்.

அடுத்த தடவை வெடிப்பின் ஓரத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுத்தேன். "தீப்பெட்டிய முன்ன பின்ன நகத்தலாம்ல," என்றார் துரை. என்னைவிட அவருக்குச் சந்தேகம் அதிகம். அந்த வகையில் அவர்மேல் ஒரு மரியாதைகூட வந்தது.

லெட்சுமியக்காவிடம் சொன்னேன். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"என் வெரல உள்ள வுடுறேன். வெரல் எப்படித் தம்பி பொய் சொல்லும்?"

ஐந்து வாரம்

அப்படித்தான் நான் சேற்றில் முழங்காலிட்டேன். முதல் வாரம் சுண்டுவிரல், அதுவும் ஒரு கணுதான். விரலின் ரேகையும் மண்ணின் ஈரமும் எண்ணிப் பார்க்கலாம்போல விழுந்திருந்தன. ஆ சோங் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

அடுத்த வாரம் இரண்டு விரல். மூன்றாம் வாரம் மழை இல்லை. அதே இரண்டு விரல்தான். நான்காம் வாரம் மூன்று. ஐந்தாம் வாரம் கட்டைவிரலைத் தவிர நான்கு விரலும் உள்ளங்கை வரை போயின. அன்றைக்கு என் கையும் ஆடியது. பயம். மூன்று தடவை எடுத்து ஒன்றுதான் தேறியது.

என் மனைவி சரோஜா ஐந்து படத்தையும் மேசையில் பரப்பிப் பார்த்தாள். "அஞ்சுலயும் லெட்சுமிக்கா கைதான் இருக்கு. கல்யாணமாகி ரெண்டு வருசத்துல என்னை எத்தன படம் புடிச்ச?" என்று கேட்டாள். அவள் விளையாட்டுக்குக் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது.

லயத்துக்காரர்கள் கேட்டது விளையாட்டில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பின்னால் வந்து நின்றார்கள். "படம் புடிச்சா அது ஆபீசுக்குப் போகும். ஆபீசுக்குப் போனா அது நம்ம தலைக்கு வரும்," என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். "செவுருக்காகத்தாண்ணே," என்றேன். அவர் சிரித்தார்.

துரை இந்தத் தடவை வெகுநேரம் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. "நெகட்டிவையும் குடுத்துட்டுப் போ," என்றார். கொடுத்தேன். நெகட்டிவ் அவருக்கு எதற்கு என்று வெளியே வந்த பிறகுதான் தோன்றியது. சந்தேகப்பட வேண்டிய நேரத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

சுவர் வரவில்லை

மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. மலை சரியும் அபாயம் இருப்பதால் ஆறு வீடுகளும் உடனே காலி செய்யப்பட வேண்டும். மேல் லயத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டு குடும்பம் என்று பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

லாரி வந்தது. லெட்சுமியக்கா பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தார். நான் உதவிக்குப் போனேன். மற்றவர்கள் திட்ட ஆரம்பித்தார்கள். அவரும் எழுந்து நின்று திட்டினார். "செவுரு கேட்டேன், தெருவக் காட்டிட்டியே. துரைக்குப் படம் புடிச்ச நாயே," என்றார். கோணியை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். அன்றைக்கு வந்த அழுகையை நான் யாரிடமும் காட்டவில்லை.

ஒரு மாதத்தில் லயத்தின் தகரத்தைப் பிரித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் அந்த இடத்தில் தேயிலைக் கன்று நட்டார்கள். "சரியிற மண்ணுன்னா செடி நடுவானா?" என்று கேட்டார்கள். போதாததற்கு அதே வருஷம் எனக்குத் தொழிற்சாலையில் ஃபோர்மேன் வேலை கொடுத்தார்கள். அது என் முறை வந்து கிடைத்ததா, அந்த ஐந்து படத்துக்காகக் கிடைத்ததா? எனக்கே தெரியாதபோது மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் தெரிந்ததாகவே பேசினார்கள்.

அதற்குப் பிறகு கல்யாணத்துக்கு யாரும் படம் பிடிக்கக் கூப்பிடவில்லை. நான் கடைக்குள் போனால் பேச்சு மாறும். சரோஜா தண்ணீர்க் குழாயடிக்குப் போனால் வாளியை எடுத்துக்கொண்டு நகர்வார்கள். லெட்சுமியக்கா குடும்பம் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு என்று ஒரு வருஷம் சமாளித்துவிட்டு, தோட்டத்தை விட்டே போய்விட்டது.

மலை சரியவில்லை. அந்த வருஷமும் சரியவில்லை, அடுத்த வருஷமும் இல்லை. ஒவ்வொரு பெருமழைக்கும் மறுநாள் விடியக்காலையில், வேலைக்குப் போகும் வழியில் அந்தச் சரிவின் கீழே போய் நிற்பேன். இன்றைக்காவது விழுந்திருக்காதா என்று பார்ப்பேன். ஆறு குடும்பம் உயிரோடு இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியவன், மலை விழவில்லையே என்று ஏங்கினேன். அதைச் சொல்லிக்கொள்ள இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கியா பார்மில்

பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு பள்ளி விடுமுறையில் கியா பார்ம் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தேன். சாலையோரக் கடைகளின் முன்னால் கோலாலம்பூர்க் கார்கள் வரிசையாக நின்றன. ஒரு கடையில் முட்டைக்கோஸை அடுக்கிக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தினார். முடி நன்றாக நரைத்திருந்தது.

"பாலுத் தம்பிதானே?"

ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நின்றேன். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். மூத்தவன் லெம்பா பெர்த்தாமில் தோட்டம் போட்டிருக்கிறானாம். கடை அவன் காய்கறியால்தான் ஓடுகிறதாம்.

"அந்த மலை இன்னும் நிக்குதா?"

"நிக்குதுக்கா. வெடிப்பு தெரியல. செடி மூடிருச்சு."

சரோஜாவிடம்கூடச் சொல்லாததை நான் அவரிடம் சொன்னேன்: "ஒவ்வொரு மழைக்கும் அது விழணும்னு வேண்டிக்கிட்டேன்க்கா."

லெட்சுமியக்கா அதிரவில்லை. ஒரு முட்டைக்கோஸின் வாடிய மேல் இலையை உரித்துப் போட்டார்.

"நீ பொய்ப் படம் புடிக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. வெரல் என் வெரலுதானே. நாலும் உள்ள போச்சு. யாரும் புடிச்சு அமுக்கல. அங்க இருந்திருந்தா என் புள்ளைங்க மண்ணுக்குள்ள போயிருக்கும்னுதான் இன்னிக்கும் நெனைக்கிறேன்."

"அத லயத்துல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா என்னையும் துரை ஆளுன்னுருப்பாங்க. படத்துல கை என்னோடதுல்ல? லாரி வந்தன்னிக்கு எல்லாரும் என்னைத்தான் மொதப் பாத்தாங்க. அதான் நானும் எந்திரிச்சு உன்னத் திட்டுனேன். மத்தவங்கள விடச் சத்தமாத் திட்டுனேன்."

பையில் இரண்டு முட்டைக்கோஸைப் போட்டு என்னிடம் நீட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அதை வாங்காமல் போயிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன். பஸ் வரும்வரை சாலையோரத்தில் பையோடு நின்றேன். இத்தனை வருஷமாக என்னை நம்பிய ஆள் ஒருவராவது இருந்திருக்க மாட்டாரா என்று தவித்திருக்கிறேன். இருந்திருக்கிறார்.